எலும்பின் அடர்த்தியும் வலிமையும்: கணினி மதிப்பீடும் கலைச்சொற்களும்

எலும்புப்புரை நோய் பற்றிய மருத்துவ உரைகளில் அடர்த்தி, விறைப்பு, வலிமை என்னும் மூன்று கருத்துகள் பயில்கின்றன. தமிழில் இம்மூன்றையும் 'உறுதி' என்னும் ஒரு சொல்லே சுட்டிவிடக்கூடும். பொது வழக்கில் இதனால் இடரில்லை. ஆனால், மருத்துவப் படங்களிலிருந்து எலும்பின் வலிமையைக் கணிக்கும் முறையைத் தமிழில் தரப் புகுவோர்க்கு இவ்வேறுபாடே அடிப்படை ஆகும்.

மருத்துவமனைகளில் பெருவழக்காக உள்ள டெக்ஸா ஆய்வு அளப்பது அடர்த்தியை மட்டுமே. அதுவும் எக்ஸ்-கதிர் நிழலின் பரப்பைக் கொண்டு, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் எனக் கணக்கிடப்படுவது. தடிப்பு கணக்கில் வாராமையால், ஒரே பொருளாலான இரண்டு எலும்புகளுள் பெரியது மிகுந்த அடர்த்தியுடையதாகத் தோன்றும். உலக நலவாழ்வு நிறுவனம் 1994-இல் வகுத்த அளவுகோலின்படி, டி-மதிப்பு −2.5 அல்லது அதற்குக் கீழ் இருப்பின் எலும்புப்புரை எனக் கொள்ளப்படும். எனினும், அவ்வெல்லைக்கு மேல் நிற்பவர் பலருக்கும் எலும்பு முறிகிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2000-இல் கூட்டிய கருத்தரங்கு, இந்நோயை வலிமை குன்றிய நிலை என்றே வரையறுத்தது.

வலிமையை நேரே அளக்க வேண்டுமாயின் எலும்பை முறித்துத்தான் பார்க்க வேண்டும். உயிருடையவரிடத்து அது இயலாது. எனவே முறிவு கணினியில் நிகழ்த்தப்படுகிறது. சி.டி. படம் எலும்பை முப்பரிமாணச் சிறு கூறுகளாகக் காட்டுகிறது. ஒவ்வொரு கூறும் பெறும் எண்ணை, கனிமச் செறிவு முன்பே அறியப்பட்ட ஒரு மாதிரியுருவோடு ஒப்பிட்டு அடர்த்தியாக மாற்றுவர். (இம்மாதிரியுருவுக்குரிய ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தரும் முதற்பொருள் 'பேய்' என்பதை மொழிபெயர்ப்பாளர் நினைவில் கொள்வது நன்று.) அடர்த்தியிலிருந்து விறைப்பும் வலிமையும் வருவிக்கப்படுகின்றன. கார்ட்டர், ஹேய்ஸ் ஆகியோர் 1977-இல் வெளியிட்ட தொடர்பின்படி வலிமை அடர்த்தியின் இருபடிக்கும், விறைப்பு அதன் முப்படிக்கும் நேர்விகிதத்தில் அமையும். அதாவது, அடர்த்தி பாதியானால் வலிமை நான்கில் ஒரு பங்காகவும், விறைப்பு எட்டில் ஒரு பங்காகவும் குறையும். மூன்றையும் 'உறுதி' என எழுதினால் இவ்வாக்கியம் பொருளற்றுப் போவதைக் காணலாம். அடுக்கின் மதிப்பு எலும்புக்கு எலும்பு மாறுபடும் எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. மூன்றும் வேறு என்பது மாறவில்லை.

இக்கூறுகளை இணைத்து, ஒருவர் பக்கவாட்டில் விழும்போது இடுப்பில் தாக்கும் சுமை போன்ற ஒன்றைக் கணினி மாதிரியின்மேல் ஏற்றுவர். எச்சுமையில் அது முறிகிறதோ அதுவே விடை; அலகு நியூட்டன். இறந்தோர் தொடையெலும்புகளை முதலிற் படமெடுத்துக் கணித்து, பின்னர் ஆய்வகத்தில் முறித்து, இக்கணிப்புகள் சரிபார்க்கப்பட்டுள்ளன.

பொறியியலிலிருந்து வந்த இம்முறைக்கு 1960-இல் பெயரிட்டவர் ரே கிளஃப்; எலும்பாய்வில் இது 1972-இல் புகுந்தது. பெயரைத் தமிழாக்குவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 'முடிவுறு உறுப்பு முறை' என்பது பொறியியல் நூலுக்குப் பொருந்தினும், மருத்துவ உரையில் 'உறுப்பு' உடலுறுப்பையே நினைவூட்டும். 'தனிமம்' என்றால் கால்சியம் பற்றியதோ என ஐயம் எழும். 'வரம்புறு கூறு முறை' என்பதே இங்கு ஏற்புடையது. இயற்பியற் சொற்களிலும் கவனம் வேண்டும். தமிழக வழக்கில் 'தகைவு', 'திரிபு' எனப்படுபவை இலங்கை வழக்கில் 'தகைப்பு', 'விகாரம்' ஆகும். எலும்பைப் பற்றிய உரையில் 'விகாரம்' என்பதைத் தமிழக வாசகர் உருக்குலைவு எனப் பொருள்கொள்ளக்கூடும்.

எஞ்சுவது வினைச்சொல். டெக்ஸா அறிக்கையில் அடர்த்தி 'அளக்கப்பட்டது' எனலாம். வலிமையோ சுமையின் திசை, பொருட்பண்பு முதலியன பற்றிய எடுகோள்களின்மேல் நிற்பது. அதனை 'மதிப்பிடப்பட்டது' என்றே எழுத வேண்டும்.