கட்டணமில்லா மின்னஞ்சல் சேவைகள்: வட சிலாங்கூர்த் தோட்டப்புறத் தமிழாசிரியர் நோக்கில் ஓர் ஒப்பீடு

கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டம் மலேசியச் செம்பனை வரலாற்றில் தனியிடம் பெற்றதாகும். 1917ஆம் ஆண்டில் ஆன்றி ஃபொக்கொனியே என்னும் பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீட்டை அங்குத்தான் தொடங்கினார். தோட்டத்தின் பெயரே தமிழாக இருப்பது அங்கு உழைத்தவர் யாவர் என்பதைக் காட்டும். இத்தகைய தோட்டப் பெயர்கள் பல தலைமுறைகளுக்கு நம் மக்களின் முகவரியாகவும் விளங்கின. ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், அஞ்சல் நிலையமுள்ள பட்டணத்தின் பெயர் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். கிராணியார் வழியாக லயத்துக்குச் சென்று சேரும். தோட்டம் கைமாறியபோதும் துண்டாடப்பட்டபோதும் அம்முகவரியும் மறைந்தது. மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுரிமைக்காக நெடுங்காலம் காத்திருந்த செய்தியை இவ்வட்டாரத்து ஆசிரியர்கள் நன்கறிவர். பத்தாங் பெர்ஜுந்தை என்னும் ஊர்ப்பெயர்கூடப் பெஸ்தாரி ஜெயா என மாறிவிட்டது.

மண்ணோடு பிணைக்கப்படாத முகவரி என்ற வகையில் மின்னஞ்சல் முகவரிக்குத் தோட்டப்புறத்தில் தனிமதிப்பு உண்டு. கட்டணமில்லாச் சேவைகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் சேமிப்பிடத்தின் அளவையே முன்னிறுத்துவர். தமிழில் எழுதுவோருக்கு அது முதன்மையான அளவுகோல் அன்று என்பதே நம் கருத்து. எழுதிய தமிழ் சிதையாமல் சென்று சேர்கிறதா, சேர்ந்த கடிதம் பல ஆண்டுகள் கழித்தும் கிடைக்கிறதா என்னும் இரண்டு வினாக்களைக் கொண்டே இக்கட்டுரை அச்சேவைகளை நோக்குகிறது.

தொடக்கக் காலச் சேவைகள்

மலேசியாவில் 1990களில் இணைய இணைப்பு பெற்றவர்களுக்கு ஜாரிங், டிஎம்நெட் ஆகிய நிறுவனங்கள் இணைப்போடு மின்னஞ்சல் முகவரியையும் வழங்கின. இணைப்பைக் கைவிட்டால் முகவரியும் போகும். வீட்டில் தொலைபேசிக் கம்பியே இல்லாத லயத்துக் குடும்பங்களுக்கு அவ்வழி பயன்படவில்லை. சபீர் பாட்டியா, ஜேக் ஸ்மித் இருவரும் 1996 ஜூலை 4ஆம் நாள் தொடங்கிய ஹாட்மெயில் இந்நிலையை மாற்றியது. எந்தக் கணினியிலிருந்தும், பட்டணத்து இணைய மையத்திலிருந்துங்கூட, திறக்கத்தக்க அஞ்சல்பெட்டி அது. 1997இல் மைக்ரோசாஃப்ட் அதனை விலைக்கு வாங்கியது. அதே ஆண்டு யாகூவும் தன் அஞ்சல் சேவையைத் தொடங்கியது. 2004 ஏப்ரல் 1ஆம் நாள் ஜிமெயில் வந்தது.

ஜிமெயில் வந்தபோது ஹாட்மெயிலின் இடம் 2 மெகாபைட், யாகூவின் இடம் 4 மெகாபைட். ஜிமெயிலோ 1 ஜிகாபைட் அளித்தது. ஏப்ரல் முதல் நாள் என்பதால் பலர் இதனை வேடிக்கை அறிவிப்பு என்றே கருதினர். போட்டியால் மற்ற இரு நிறுவனங்களும் தத்தம் இடத்தை விரிவாக்கின. இன்று ஜிமெயிலில் 15 ஜிகாபைட் இடம், கோப்புகளுக்கும் படங்களுக்கும் பொதுவாக உள்ளது. ஹாட்மெயிலின் வழிவந்த அவுட்லுக்கிலும் கடிதங்களுக்கு 15 ஜிகாபைட் உண்டு. எனினும் 2023 முதல் இணைப்புகள் வேறாக உள்ள 5 ஜிகாபைட் கணக்கிலும் சேர்கின்றன. யாகூ 2013இல் 1 டெராபைட் என்று அறிவித்து, 2025இல் அதனை 20 ஜிகாபைட்டாகக் குறைத்துக்கொண்டது. கொடுத்த இடம் திரும்பப் பெறப்படலாம் என்பதற்கு இதுவே சான்று.

எழுத்து சென்று சேர்தல்

இணைய அஞ்சலின் அடிப்படை நெறி ஏழு பிட் கொண்ட ஆங்கில எழுத்துகளுக்கென வகுக்கப்பட்டது. ஒருங்குறி பரவுவதற்கு முன் நாம் பயன்படுத்திய தகுதரம் என்னும் டிஸ்கி குறியேற்றமோ எட்டு பிட் கொண்டது. தமிழ் எழுத்துகள் 128 முதல் 255 வரையிலான இடங்களில் அமைந்தன. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் செயலியோடு வந்த இணைமதி எழுத்துரு கணினியில் இருந்தால் கடிதத்தைப் படிக்கலாம். இல்லையேல் பொருளற்ற இலத்தீன் குறிகளே தோன்றும். வழியில் ஏதேனும் ஒரு வழங்கி எட்டாவது பிட்டை நீக்கிவிட்டால் 171ஆம் இடத்து அகரம் 43ஆம் இடத்துக் கூட்டல் குறியாகிவிடும்.

இதனினும் நுட்பமான சிக்கல் இகரத்துக்கு ஏற்பட்டது. டிஸ்கியின் முற்பதிப்பில் 'இ' 173ஆம் இடத்தில் இருந்தது. இலத்தீன் குறியேற்றத்தில் அவ்விடம் வரி மடங்கும்போது மட்டும் தோன்றும் மறைகோட்டுக்கு உரியது. ஆகவே, வலைப்பக்கத்தில் திறக்கப்பட்ட அஞ்சலில் 'இ' காணாமற்போகும். 'இணையம்' என எழுதியது 'ணையம்' எனவும், 'இலக்கணம்' என எழுதியது 'லக்கணம்' எனவும் வந்து நிற்கும். மாணவர் எழுத்துப்பிழைகளைத் திருத்தியே பழகிய ஆசிரியருக்கு எழுதியவர் மீது ஐயம் எழுவது இயல்பே. 1.7ஆம் பதிப்பில் இகரம் 254ஆம் இடத்துக்கு மாற்றப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

தமிழ் எழுத்தாகச் செல்லாதபோது ஆசிரியர்கள் அதனைப் படமாக அனுப்பினர். பயிற்றித்தாளை அச்சிட்டு, வருடியில் இட்டு, படக்கோப்பாக இணைத்தால் ஒரு பக்கமே 200 கிலோபைட்டுக்குக் குறையாது. பத்துப் பக்கத்தில் ஹாட்மெயில் பெட்டி நிரம்பிவிடும். அதே பக்கத்தை எழுத்தாக அனுப்பினால் நிலை வேறு. ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். 'கி' என்பதற்கு ஆறு பைட். அஞ்சலில் ஏற்றும்போது அது எட்டாகப் பெருகும். அவ்வாறு பெருகியும் இரண்டாயிரம் குறி கொண்ட ஒரு பக்கம் 16 கிலோபைட் ஆவதில்லை. ஒரு குறிக்கு நான்கு பைட் வீதம் 8 கிலோபைட்டே ஆகும். ஆக, அந்நாளைய இடப்பற்றாக்குறை எனப்பட்டது பெரும்பாலும் குறியேற்றச் சிக்கலின் விளைவே எனலாம்.

ஜிமெயிலின் பக்கங்கள் ஒருங்குறியில் அமைந்திருந்தமையால் ஒருங்குறித் தமிழ் அங்கு இடையூறின்றித் தோன்றியது. அக்காலத்து யாகூவிலும் ஹாட்மெயிலிலும் படிப்பவரே உலாவியின் குறியேற்றப் பட்டியலைத் திறந்து மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பட்டியல் பழைய டிஸ்கி கடிதங்களைப் படிக்கவும் உதவியது. ஜிமெயிலில் அவ்வாய்ப்பு இல்லாததால், கடிதத்தை வெட்டியெடுத்துச் சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றியில் இட வேண்டியதாயிற்று. 2009இல் ஜிமெயில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளுக்கு ஒலிபெயர்ப்புத் தட்டச்சை இணைத்தது. இன்று மூன்று சேவைகளிலும் தமிழ் சரியாகவே தோன்றுகிறது. இவ்வகையில் அவற்றிடையே வேறுபாடு இல்லை.

பழைய பெட்டியில் சிதைந்த கடிதம் கிடைத்தால் இருவகைச் சிதைவுகளையும் பிரித்தறிதல் வேண்டும். மேலே சாய்கோடு ஏறிய 'ஏ' என்னும் இலத்தீன் எழுத்தும், வட்டத்துள் அடைபட்ட 'ஆர்' குறியும் மாறிமாறி வந்தால் அது தவறான குறியேற்றத்தில் படிக்கப்பட்ட ஒருங்குறித் தமிழ், பெரும்பாலும் மீட்டுவிடலாம். வரி முழுவதும் வினாக்குறிகளாக இருந்தால் எழுத்தே அழிந்துபோயிற்று. அதனை எந்த மாற்றியும் மீட்காது.

முகவரியையே தமிழில் அமைப்பது இன்னும் பரவவில்லை. அதற்கான நெறி 2012இல் வகுக்கப்பட்டது. 2014 முதல் ஜிமெயில் பிறமொழி முகவரிகளோடு கடிதப் போக்குவரத்தை ஏற்கிறது, ஆயின் தானே அத்தகைய முகவரியை வழங்குவதில்லை. சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் தமிழில் நாட்டுக் களப்பெயர் உண்டு. மலேசியாவுக்கு உள்ளது ஜாவி எழுத்தில் மட்டுமே.

கடிதம் நிலைத்திருத்தல்

2000களின் தொடக்கத்தில் ஹாட்மெயிலை 30 நாள் திறக்காவிடில் கடிதங்கள் அழிக்கப்பட்டன. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை அதனினும் நீண்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்று கூகுளும் மைக்ரோசாஃப்டும் இரண்டாண்டுவரை பொறுக்கின்றன. கூகுள் 2023 டிசம்பர் முதல் அவ்விதியைச் செயல்படுத்தி வருகிறது. யாகூவின் வரம்பு 12 மாதமே. இவ்வொன்றை மட்டும் நோக்கினாலும், பழைய கடிதங்களை யாகூவில் விட்டு வைத்திருப்போர் மற்றவரைவிட விழிப்பாக இருத்தல் வேண்டும்.

யாகூ குழுக்களின் முடிவு இதனை வலியுறுத்தும். சுங்கை பட்டாணியைச் சேர்ந்த டாக்டர் ஜெயபாரதி நடத்திய அகத்தியர் குழு உட்பட எண்ணற்ற தமிழ்க் குழுக்களின் மடல்கள் அங்குச் சேர்ந்திருந்தன. 2019இல் குழுக்களின் பழைய மடல்களை நீக்கப்போவதாக யாகூ அறிவித்தது. 2020 டிசம்பரில் சேவையே மூடப்பட்டது. உறுப்பினர்தம் சொந்த அஞ்சல்பெட்டிகளில் தங்கிய படிகள் இன்று ஆய்வுமூலங்கள் ஆகின்றன. கட்டணம் செலுத்தினால் இவ்விடர் நீங்கும் என்பதும் உறுதியன்று. ஜாரிங் நிறுவனமே 2015இல் தன் பணியை நிறுத்திக்கொண்டது. அரசின் சார்பில் குடிமக்களுக்கென 2011இல் அறிவிக்கப்பட்ட மின்னஞ்சல் திட்டமும் வேரூன்றவில்லை.

தோட்டப்புறத்தில் கணக்கு இழப்புக்கு மற்றொரு காரணமும் உண்டு. முன்கட்டணக் கைப்பேசி எண்ணை மீள்நிரப்பாது விட்டால் அது பின்னர் வேறொருவருக்குப் போய்விடும். கடவுச்சொல்லை மறந்தவருக்கு அனுப்பப்படும் சரிபார்ப்பு எண்ணும் அவரிடமே செல்லும். ஆசிரியர் தம் எண்ணைக் கொடுத்துப் பல குடும்பங்களுக்குக் கணக்குத் திறந்து வைப்பது நல்லெண்ணத்தால் செய்யப்படுவதே. எனினும் அவர் மாற்றலாகிச் சென்றபின் அக்குடும்பம் தன் கணக்கைத் தானே மீட்க இயலாது.

பள்ளிக் கணக்கும் சொந்தக் கணக்கும்

2020 ஜூனில் கல்வியமைச்சு தொடங்கிய டெலிமா தளத்தின் வழி ஆசிரியரும் மாணவரும் அமைச்சின் முகவரியைப் பெறுகின்றனர். கூகுளில் தனிக் கணக்கு திறக்க 13 வயது நிரம்ப வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவருக்கு வயது 12. ஆகவே தமிழ்ப்பள்ளி மாணவருக்குப் பிறந்த ஆண்டை மாற்றி எழுதித் தனிக் கணக்கு திறந்து தருதல் தகாது. டெலிமா கணக்கே பொருந்தும். மாணவர் பயிற்சி, பள்ளி நிருவாகம் ஆகியவற்றுக்கும் அதுவே உரியது.

ஆனால் அது பணிக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. ஆசிரியர் தம் கட்டுரைப்படிகள், தோட்ட வரலாறு பற்றி முதியோரிடம் கேட்டெழுதிய குறிப்புகள், பழைய மாணவர் கடிதங்கள் முதலியவற்றை அதில் வைப்பது பொருத்தமாகாது. இவற்றுக்கு ஜிமெயிலையோ அவுட்லுக்கையோ தேர்ந்துகொள்ளலாம். இவ்விரண்டில் நாம் ஜிமெயிலைச் சற்று முன்வைப்போம். கடிதங்கள் அனைத்தையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதியைக் கூகுள் 2013 முதல் கட்டணமின்றி அளிப்பதே காரணம். யாகூவோ கடிதங்களைச் சொந்தக் கணினிக்கு இறக்கும் வசதியை 2002இல் கட்டணச் சேவையாக்கிப் பல்லாண்டு அவ்வாறே வைத்திருந்தது.

இறக்கிய கோப்பைத் தண்டர்பேர்டு போன்ற இலவசச் செயலியில் திறக்கலாம். ஆண்டுக்கொரு முறை, பள்ளி விடுமுறை தொடங்கும் வாரத்தில் இதனைச் செய்து, ஒரு படியைக் கணினியிலும் மற்றொன்றை வெளிவட்டிலும் வைத்தல் நன்று. டிஸ்கி காலத்துக் கடிதங்கள் அக்கோப்பில் இருந்தால் அவற்றைத் திருத்த முற்படாமல் அவ்வாறே விட்டுவிட வேண்டும். மூலப் பைட்டுகள் மாறாதிருந்தால் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள இயலும்.