கடலின் 'குழி' ஏன் நிரம்பவில்லை?

வாசகர் கடிதங்கள் ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன. மட்டக்களப்பின் கல்லடிக் கரையில் நின்றால் போன் உயரத்தை மைனஸ் 90க்கும் கீழே காட்டுகிறது. இலங்கைக்குத் தெற்கே 'ஈர்ப்புக் குழி' உண்டாமே, அது கருந்துளையா, கடல் எங்களை மூடுமா? 2004 சுனாமி நாவலடியை அழித்ததைக் கண்டவர்களின் பயம் இது.

'குழி' என்பது செய்திகள் சூட்டிய பெயர். அங்கே பூமியின் இழுவை சற்றுக் குறைவு, அவ்வளவே. பூமியைத் துருவங்களில் சற்றுத் தட்டையான, சீரான உருண்டையாகக் கணித்தால் வரவேண்டிய மட்டத்தைவிட அங்கே கடல் 106 மீற்றர் தாழ்ந்திருக்கிறது. டச்சு அறிஞர் வேனிங் மைனெஸ் 1948இல் கப்பல் அளவீடுகளில் கண்டது.

அப்படியானால் சுற்றுக் கடல் ஏன் அதற்குள் பாயவில்லை? மேசன்மார் தண்ணீர்க் குழாயின் இரு முனைகளைச் சுவர்களில் பிடித்து மட்டம் பார்ப்பார்கள். அந்த நீரைச் சமப்படுத்துவதே ஈர்ப்புதான். தூக்குக்குண்டு எந்தப் பக்கம் தொங்குகிறதோ அதற்குச் செங்குத்தான பரப்பைத்தான் மட்டம் என்கிறோம். அந்தத் தாழ்வின் ஓரத்தில் தூக்குக்குண்டே இழுவை கூடிய பக்கம் இம்மியளவு சாய்ந்து தொங்கும். மட்டமும் கூடவே சாயும். ஆகவே நீருக்கு அங்கே இறக்கமே இல்லை. மட்டக்களப்பு வாவி முகத்துவாரத்திலிருந்து அந்தத் தாழ்வின் நடுவுக்குப் போகும் படகு 'இறங்கிப்' போனாலும் ஒரு சொட்டு எண்ணெய்கூட மிச்சமாகாது.

போன் அந்தக் கணித உருண்டையிலிருந்து அளக்கிறது. நம் தீவே அந்தத் தாழ்வுக்குள் இருப்பதால் மைனஸ் வருகிறது. நல்ல செயலி அதைத் திருத்திக் காட்டும்.

காரணம்? 2023இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பாலும் அத்ரேயி கோஷும் 14 கோடி ஆண்டுகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். பழைய தெதிஸ் கடலின் தரை பூமிக்குள்ளே அமிழ, ஆபிரிக்காவின் அடியிலிருந்து சூடான, அடர்த்தி குறைந்த பாறைப்பொருள் மேலெழுந்ததால் அங்கே இழுவை குறைந்தது என்றார்கள். 'புதிர் அவிழ்ந்தது' என்று தலைப்புகள் வந்தன. நான் அப்படி எழுதமாட்டேன். நிலநடுக்கப் பதிவுகளில் அந்தப் பாறைப்பொருள் இன்னும் தெளிவாகப் பிடிபடவில்லை.

இனிச் சின்னக் கேள்விகள். அங்கே உடல் எடை குறையுமா? வீட்டுத் தராசுக்குத் தெரியாது.

கருந்துளையா? முழுப் பூமியையும் 9 மில்லிமீற்றர் ஆரத்துக்குள் நசுக்கினால்தான் அது கருந்துளை.

சூரியன் அதே நிறையுள்ள கருந்துளையானால் நம்மை விழுங்குமா? இல்லை, பூமி இதே பாதையில், இருட்டில் சுற்றும்.

வாவி வற்றுமா? அதைத் தீர்மானிப்பவை மழையும் முகத்துவார மணல்மேடும்.

போன் காட்டும் மைனஸுக்காக யாரும் வீட்டைவிட்டு ஓட வேண்டாம். சுனாமி எச்சரிக்கை கேட்டால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கரையை விட்டு உள்ளே போங்கள்.