பழியுணர்ச்சி குழுவில் ஏன் தணிகிறது?

வன்முறைக்கு ஆளானோர் பலரை, உடற்காயம் ஆறிய பின்பும் நெடுங்காலம் வருத்துவது, "குற்றம் என்னுடையதே" என்று மனத்தில் வேரூன்றிவிடும் எண்ணம். அதுவோ தனிமையில் தழைக்கும் இயல்புடையது.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே, கிவு மாகாணக் கிராமங்களில், பாலியல் வன்முறைக்குள்ளான ஸ்திரீகளிடையே நடத்தப்பெற்று 2013-இல் வெளியான ஆராய்ச்சியொன்று இங்கே நினைக்கத்தக்கது. ஒரு சாராருக்குத் தனிநபர் ஆதரவும், மற்றொரு சாராருக்கு, நிகழ்ந்ததை விவரிக்கும்படி வற்புறுத்தாமல் அதைப் பற்றிய எண்ணங்களை மட்டும் சோதித்துப் பார்க்கும் குழுச் சிகிச்சையும் அளிக்கப்பட்டன. எழுத்தறியாதோர் பலராதலின், பயிற்சிகள் மனப்பாடம் செய்யத்தக்கவாறு சுருக்கப்பட்டன. சிகிச்சை முடிந்து 6 மாதம் சென்றபின், மனச்சோர்வோ பதற்றமோ நீடித்ததாகக் கணிக்கப்பட்டவர்கள் முன்னவருள் 42 சதவீதம்; பின்னவருள் 9 சதவீதமே. (இரு முறைகளும் உள்ளடக்கத்திலேயே வேறானவை, ஆகவே பெருமை முழுவதையும் குழுவுக்கே சூட்டுவது நியாயமாகாது.)

ஆயினும் குழுவின் பங்கு ஊகிக்கக்கூடியதே: தன்னைத் தானே நிந்தித்துக்கொள்ளும் பெண், அதே நிந்தனையை வேறொருத்தியின் வாயால் கேட்கும்போது, "உன்மேல் பழி ஏது, அக்கா?" என்று தயங்காமல் மறுக்கிறாள்; அவள் சொன்ன நியாயம் அவள் செவியிலேயே விழுந்து, தனக்கு மட்டும் அது பொருந்தாமற் போவதெப்படி என்ற வினாவை எழுப்பிவிடுகிறது.