பேட்டை உயரும்போது வெளியேறுவது யார்?

உழைக்கும் மக்கள் குறைந்த வாடகையில் வாழும் பகுதிக்குப் பணம் படைத்தவர்கள் குடிவரத் தொடங்கினால் நிலமதிப்பும் வாடகையும் ஏறும்; பழைய குடிகள் தாக்குப்பிடிக்க முடியாமல் வெளியேறுவார்கள். மேட்டுக்குடிமயமாதல் எனப்படும் இதைச் சந்தையின் இயல்பு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். மும்பையின் ஆலைப் பகுதியான கிரண்காவ் வேறு பாடம் சொல்கிறது. 1982-இல் பஞ்சாலைத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பின் அங்கே ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆலை நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு குறைந்த விலை வீடுகளுக்கு, மீதி உரிமையாளருக்கு என 1991-இல் விதி வந்தது. அந்தப் பங்கீடு கட்டடமில்லாத காலி நிலத்துக்கு மட்டுமே என்று 2001-இல் திருத்தினார்கள்; 2006-இல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றது. பொதுமக்களின் பங்கு வெகுவாகச் சுருங்கியது. அப்பகுதியைச் சேர்ந்த லோயர் பரேலில் இன்று வணிக வளாகங்களும் சொகுசு அடுக்குமாடிகளும் நிற்பதில் அந்தத் திருத்தத்துக்குப் பெரும் பங்குண்டு.

பகுதி மேம்படுவது நல்லதுதானே, சொத்துக்கேற்ற வாடகை கேட்க உரிமையாளருக்கு உரிமையில்லையா என்று கேட்கலாம். உரிமை உண்டு. ஆனால் மதிப்பை ஏற்றிய சாலையும் மெட்ரோவும் குடித்தனக்காரரின் வரிப்பணத்தாலும் வந்தவை. பலனோ பட்டா வைத்திருப்பவருக்கே போகிறது. மாற்று வீடு தந்தால் போதும் என்பதும் சரியல்ல. சென்னையில் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு வீடு கிடைத்தது. வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் தொலைவாகிப்போயின. வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே, மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் சொல்லிவிட்டது.

ஆகவே வாடகை ஏறும் முன்பே காப்பு தேட வேண்டும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். வாடகை உயர்வு ஒப்பந்தப்படியே நடக்க வேண்டும். வெளியேற்றுவதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்தால் வாடகை அதிகார அமைப்பிடம் முறையிடலாம். வாய்மொழிப் பேச்சை நம்பியிருப்பவரின் நிலை பலவீனமானது. வாடகைதாரருக்கு மட்டுமல்ல, அங்கே பிழைப்பவர்களுக்கும் காப்பு உண்டு: தெருவோர வியாபாரிகளை, கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கும்வரை அகற்றக் கூடாது என்கிறது 2014-ஆம் ஆண்டுச் சட்டம். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். ஆனாலும் தனித்தனி வழக்குகள் மட்டும் போதாது. ஒரு திட்டத்துக்கு அனுமதி தரும்போதே அங்கு வாடகைக்கு இருப்போரைக் கணக்கெடுக்கவும், அதே பகுதியில் குறைந்த வாடகை வீடுகளை ஒதுக்கவும் அரசைக் கட்டாயப்படுத்தும் விதி வேண்டும். ஒரு விதித் திருத்தம் கிரண்காவின் மக்களிடமிருந்து பறித்ததை, இன்னொரு விதி மற்ற நகரங்களில் காக்க முடியும்.