மீட்பர் நம் உறவினர்



அடகு வைத்த நகையை மீட்கிறோம். அடமானத்தில் போன நிலத்தை மீட்கிறோம். பணத்தை வட்டியோடு கட்டினால்தான் பொருள் கைக்கு வரும் என்பது நாம் அறிந்ததே. அப்படியானால், இயேசு தம் இரத்தத்தை விலையாகக் கொடுத்து நம்மை மீட்டார் என்று அறிக்கையிடும்போது, அந்த விலையைப் பெற்றுக்கொண்டவர் யார்?

தந்தையாகிய கடவுள்தான் என்று பலரும் எண்ணுகிறார்கள். சினம் கொண்ட தந்தை, மகனின் இரத்தத்தைக் கண்ட பிறகே மனம் ஆறினார் என்பது அவர்கள் எண்ணம். இதனால்தான் வீட்டில் தீராத நோய் வந்தாலும், பிள்ளையை இழந்தாலும், "எந்தப் பாவத்திற்குக் கடவுள் கணக்குத் தீர்க்கிறாரோ" என்று கலங்குகிறோம். விவிலியம் காட்டும் மீட்பர் இவர்தானா?

மீட்பரைக் குறிக்கப் பழைய ஏற்பாடு பயன்படுத்தும் எபிரேயச் சொற்களுள் ஒன்று 'கோயேல்'. வறுமையால் ஒருவன் நிலத்தை விற்றுவிட்டால் அதை மீட்பதும், தன்னையே அடிமையாக விற்றுவிட்டால் அவனை விடுவிப்பதும் அவனுடைய நெருங்கிய உறவினரின் பொறுப்பு (லேவி 25:25, 47-49). அந்த உறவினரே கோயேல். மீட்பு என்பது வியாபாரத்தில் அல்ல, உறவில் தொடங்குகிறது.

ரூத்து நூல் இதை அழகாக விளக்குகிறது. கைம்பெண்ணான நகோமியின் குடும்ப நிலத்தை மீட்கும் முதல் உரிமை பெற்றிருந்தவர், மோவாபியப் பெண்ணான ரூத்தையும் ஏற்க வேண்டும் என்றதும் பின்வாங்குகிறார். தம் சொத்துக்குக் கேடு வரும் என்பது அவருடைய அச்சம். இழப்பைக் கணக்குப் பார்த்த அவருடைய பெயரை அந்நூல் சொல்லவே இல்லை. போவாசு கணக்குப் பார்க்கவில்லை, ரூத்தை ஏற்றுக்கொண்டார். அவர்கள் வழிமரபில்தான் தாவீதும், பின்னர் இயேசுவும் பிறந்தார்கள் (மத் 1:5-16).

கி.மு. 587இல் எருசலேம் வீழ்ந்து, மக்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டனர். அங்கே நம்பிக்கை இழந்து கிடந்தவர்களிடம் கடவுள் தம்மை அவர்களுடைய கோயேல் என்றே அறிமுகப்படுத்துகிறார் (எசா 43:14). எகிப்திலிருந்து அவர் அவர்களை மீட்டபோதும் பார்வோனுக்கு எந்த விலையும் கொடுக்கவில்லை (விப 6:6).

சிலுவையின் விலையை யாரிடம் செலுத்தினார் என்ற கேள்வியை 4ஆம் நூற்றாண்டிலேயே நசியான்சு நகர்ப் புனித கிரகோரி எழுப்பினார். அலகைக்கு என்று சொல்வது வெட்கக்கேடு என்றார். தந்தைக்கு என்றால், நம்மை அடிமைப்படுத்தி வைத்திருந்தவர் தந்தை அல்லவே என்றும் கேட்டார். பிள்ளையைக் காப்பாற்றத் தாய் எரியும் வீட்டுக்குள் பாய்கிறாள். அவள் உடல் வெந்து போகிறது. அந்த விலையை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அன்பு செலுத்தியதால் அவள் இழந்தது அது.

அப்படியானால் பாவம் அற்பமானதா? இல்லை. 1098இல் தம் நூலை முடித்த புனித ஆன்செல்ம், பாவத்தின் கடன் மனிதரால் தீர்க்க முடியாத அளவு பெரியது என்றார். ஆனால் அதைத் தீர்க்க மனிதரானவரும் கடவுளே அல்லவா? நாம் பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக இறந்தார் என்கிறார் பவுல் அடியார் (உரோ 5:8). சிலுவைக்குப் பிறகு கடவுள் நம்மை அன்பு செய்யத் தொடங்கவில்லை. அவர் ஏற்கெனவே அன்பு செய்ததால்தான் சிலுவை வந்தது. நம்மைச் சகோதரர் சகோதரிகள் என்று அழைக்க இயேசு வெட்கப்படவில்லை (எபி 2:11).

எனவே, ஒப்புரவு அருளடையாளத்திற்கு வரும்போது கடன்காரரைப் போல ஒளிந்து வராதீர்கள். சொந்த வீட்டுக்கு வருவதுபோல் வாருங்கள். உங்கள் துன்பத்தைக் கடவுள் அனுப்பிய வட்டிக் கணக்காக எண்ணாதீர்கள். கடனிலோ குடியிலோ மூழ்கி, "இனி அவன் நமக்கு உறவே இல்லை" என்று குடும்பம் கைவிட்ட ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இந்த வாரம் அவரைத் தேடிச் செல்லுங்கள். மீட்கப்பட்டவர்கள் மீட்கும் உறவினராய் வாழ இறைவன் நமக்கு அருள்புரிவாராக.