அடைபட்ட மந்திரியும் ஆனந்தின் வெற்றியும்

2013 ஜனவரி 15. நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீயில் டாட்டா ஸ்டீல் சுற்றுப்போட்டியின் நான்காம் சுற்று. கறுப்புக் காய்களுடன் ஆடிய அன்றைய உலக சம்பியன் விஸ்வநாதன் ஆனந்த், ஆர்மேனியாவின் லெவோன் அரோனியனை 23 நகர்த்தல்களில் வீழ்த்தினார். ஒரு தொடக்கத்தை எதற்காக ஆடுகிறோம் என்பதைக் கடைசி நகர்த்தல் வரை காட்டும் ஆட்டம் இது.

தொடக்கத்தின் பெயர் செமி ஸ்லாவ். டி5இல் நிற்கும் கறுப்புச் சிப்பாய்க்கு சி6, இ6 சிப்பாய்கள் காவல். மையம் உறுதியாகிவிடும். ஆனால் இ6 சிப்பாய், சி8இல் இருக்கும் சொந்த மந்திரியின் வழியை அடைத்துவிடும்.

அந்த மந்திரியை வெளியே கொண்டுவருவதுதான் மெரான் முறை. கறுப்பு முதலில் சி4 சிப்பாயை வெட்டும். திருப்பி வெட்டிய வெள்ளை மந்திரியை பி5 சிப்பாயால் விரட்டும். பிறகு தன் மந்திரியை பி7இல் வைத்து, சி சிப்பாயை முன்னே தள்ளும். வெள்ளை ராஜாவின் பக்கம் வரை மூலைவிட்டம் திறந்துவிடும். 1924இல் இத்தாலியின் மெரானில் அகிபா ரூபின்ஸ்டீன் இப்படி ஆடி க்ரூன்ஃபெல்டை வென்றார். ஊரின் பெயரே முறைக்கும் நிலைத்தது. 2008இல் பொன் நகரில் கிராம்னிக்குடனான உலக சம்பியன் போட்டியிலும் ஆனந்த் இதே முறையில், கறுப்புக் காய்களுடன் இரண்டு ஆட்டங்களை வென்றார்.

வைக் ஆன் ஸீ ஆட்டத்திலும் இதே முறைதான். அரோனியனின் குதிரை 13ஆம் நகர்த்தலில் எச்7 சிப்பாயை வெட்டி, கறுப்பு யானையைக் குறிவைத்தது. ஆனந்த் யானையைக் காப்பாற்றவில்லை. தன் குதிரையை ஜி4க்குப் பாய்ச்சினார். 16ஆம் நகர்த்தலில் மற்றக் குதிரையும் இ5க்கு வந்தபோது, நான்கு கறுப்புக் காய்கள் ஒரே நேரத்தில் வெட்டுக்கு நின்றன. அரோனியன் யானையை வெட்டினார். அதற்குள் தாக்குதல் அவருடைய ராஜாவைச் சூழ்ந்துவிட்டது.

23ஆம் நகர்த்தலில் ஆனந்தின் இன்னொரு மந்திரி இ3இல் வந்து, எச்3 சிப்பாய்க்கு வெள்ளை ராணி கொடுத்த காவலை மறித்தது. அடுத்து கறுப்பு ராணி எச்3இல் வெட்டினால் ராஜாவுக்குத் தப்ப வழியில்லை: ஜி2 சிப்பாயை பி7 மந்திரி கட்டிப்போட்டிருக்கிறது, ஜி1 கட்டத்தை இ3 மந்திரி பார்க்கிறது. அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார். 1907இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவியை ரூபின்ஸ்டீன் வீழ்த்தியதும் இதேபோல் இரு மந்திரிகளின் கூட்டுத் தாக்குதலால்தான்.

றொசல்ல, ஹட்டன் பாடசாலைகளில் சதுரங்கம் பழகும் பிள்ளைகளே, நகர்த்தல்களை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாதீர்கள். எந்தத் தொடக்கத்தைப் படித்தாலும் எந்தக் காய் அடைபடுகிறது, அது எப்படி வெளியே வரும் என்று கேளுங்கள். இந்த 23 நகர்த்தல்களையும் ஒருமுறை பலகையில் ஆடிப் பாருங்கள்.