முட்டைகோஸில் ஒரு ராக், பேக்கரியில் ஒரு ராக்!

ராக் இசையில் ஒரு வகைக்கு முட்டைகோஸின் பெயர் என்றால் நம்புவீர்களா? இன்னொரு வகையின் பெயருக்கு எந்த நாட்டு அகராதியிலும் பொருள் தேட முடியாது, ஏனென்றால் அது வேற்றுக்கிரகத்து மொழி! வேறொரு வகைக்குக் கிடார் கம்பி போடும் சத்தமே பெயர்! எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். குடும்பப் பெயர் புரோகிரசிவ் ராக். ரசிகர்களுக்குச் சுருக்கமாக 'புரோக்'.

மூன்று நிமிடத்தில் முடிகிற காதல் பாட்டுக்குள் அடங்கியிருந்த ராக்கை எடுத்து, 1960களின் கடைசியில் இங்கிலாந்துப் பையன்கள் சிலர் சிம்பொனி, ஜாஸ், நாட்டுப்பாட்டு, புராணம், விண்வெளிக் கதை என்று கண்டதையெல்லாம் அதில் கொட்டிக் கிளறினார்கள். 1969 அக்டோபரில் கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. அதன்பின் கிளைவிட்டதற்கு அளவே இல்லை. இந்தக் கிளைகளை யாரும் உட்கார்ந்து அட்டவணை போட்டுப் பிரிக்கவில்லை. மாம்பழத்துக்கு நாம் பெயர் வைத்த மாதிரிதான். சேலத்து மாம்பழம் என்றால் ஊர், கிளிமூக்கு என்றால் வடிவம். கூடை ஒன்று, அளவுகோல் ஆயிரம்!

முதலில் அந்த முட்டைகோஸ். புளிக்கவைத்த முட்டைகோஸ் ஜெர்மானியர்களின் பிரியமான பதார்த்தம், 'சவர்கிரவுட்'. அதை வைத்து ஆங்கிலேயர்கள் ஜெர்மானியர்களையே 'கிரவுட்' என்று கேலி பேசினார்கள். 1970களில் ஜெர்மனியிலிருந்து புதுவிதமாக ஒரு ராக் கிளம்பி வந்ததும் பிரிட்டிஷ் பத்திரிகைகள் அதற்கு ஒட்டிய சீட்டு: கிரவுட்ராக்! ஃபாஸ்ட் என்ற ஜெர்மன் குழு கோபித்துக்கொண்டதா? இல்லை. 1973இல் வந்த தங்கள் ஆல்பத்தில் சுமார் 12 நிமிடத்துக்கு ஒரு பாட்டைப் போட்டு, அதற்கு 'கிரவுட்ராக்' என்றே பெயர் வைத்துவிட்டது!

இதே கூட்டத்தில் கொலோன் நகரத்துக் குழு ஒன்று, பெயர் 'கேன்'. 1970இல் மியூனிக்கில் அன்றிரவு கச்சேரி, குழுவிலோ பாடகர் இல்லை. தெருவில் தன்பாட்டுக்குக் கத்திப் பாடிக்கொண்டிருந்த ஜப்பானிய இளைஞர் ஒருவரைக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த குழுவினர் பார்த்தார்கள். "இன்றிரவு பாட வருகிறாயா?" என்று கேட்டார்கள். ஒத்திகை கிடையாது, ஒன்றும் கிடையாது. அன்றே மேடை! அவர்தான் டாமோ சுசுகி.

'நோய்!' என்ற ஜெர்மன் இரட்டையர் செய்தது இன்னும் வேடிக்கை. (தமிழில் படித்துப் பயப்படாதீர்கள், ஜெர்மனில் அதற்குப் 'புதிது' என்று அர்த்தம்.) இரண்டாவது ஆல்பத்தின் பாதியிலேயே கையில் காசு தீர்ந்துபோனது. என்ன செய்தார்கள் தெரியுமா? ஏற்கெனவே வெளியிட்ட சிறு இசைத்தட்டை எடுத்து, ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை மெதுவாகவும் ஓடவிட்டு, அதையே பதிவுசெய்து மறுபக்கத்தை நிரப்பிவிட்டார்கள்! ஏமாற்று வேலை என்று சிலர் திட்டினார்கள். பழைய பாட்டை வெட்டி ஒட்டி ரீமிக்ஸ் செய்யும் காலத்தில் இருக்கிற நாம் அவர்களைத் திட்ட முடியுமா?

அடுத்தது வேற்றுக்கிரகம். பாரிஸில் 1969இல் மாக்மா குழுவைத் தொடங்கிய டிரம்ஸ் கலைஞர் கிறிஸ்தியன் வாண்டர், பூமி வேண்டாம் என்று கிளம்பிய மனிதர்கள் கோபயா என்ற கிரகத்தில் குடியேறுவதாகக் கதை கட்டினார். கதையோடு விட்டாரா? அந்தக் கிரகத்துக்கு ஒரு மொழியையே உண்டாக்கி, ஆல்பம் ஆல்பமாக அதில் பாட ஆரம்பித்தார். 'ஸோய்ல்' என்பது அந்த மொழியில் 'விண்ணுலகம் சார்ந்தது' என்ற பொருளுள்ள சொல். இன்றைக்கு அது ஒரு முழு இசைவகையின் பெயர்! டோக்கியோவின் கோயன்ஜி ஹியாக்கெய் குழு அதே பாதையில் போய், தானும் ஒரு புது மொழியைக் கட்டிக்கொண்டு பாடுகிறது. நான் மாக்மாவைச் சத்தமாக வைத்தால், எங்கள் வீட்டில் "யாருக்குப் பேய் ஓட்டுறீங்க?" என்று கேட்பார்கள். பாதி சரியான விமர்சனம்தான்.

ஊர்ப்பெயரும் உண்டு. இங்கிலாந்தின் கேன்டர்பரி, பேராலயத்துக்குப் பேர்போன ஊர். அங்கே 1964இல் வைல்ட் ஃபிளவர்ஸ் என்று ஒரு பையன்கள் குழு சேர்ந்தது. இருந்த காலத்தில் ஒரு இசைத்தட்டுகூட வெளியிடவில்லை. ஆனால் அது உடைந்த துண்டுகளிலிருந்துதான் சாஃப்ட் மெஷின், கேரவன் என்று இரண்டு பெரிய குழுக்கள் முளைத்தன. ஜாஸின் நெளிவு, குழந்தைத்தனமான குறும்பு, சோம்பலான குரல் எல்லாம் கலந்த இந்த இசைக்குக் 'கேன்டர்பரி' என்றே பெயர் நின்றுவிட்டது. நிலத்தை வைத்துத் திணை பிரித்த நமக்கு இது புதிதில்லை. 1970 ஆகஸ்டில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கும் செவ்வியல் இசைவிழாவுக்குள் முதல்முறையாக நுழைந்த ராக் குழு சாஃப்ட் மெஷின். கச்சேரிக்கு முன் புகைபிடிக்க வெளியே போன டிரம்ஸ் கலைஞர் ராபர்ட் வயட்டைக் காவலாளி திரும்ப உள்ளே விட மறுத்தாராம். "நான் உள்ளே வாசிக்கணும்" என்றால், இங்கே நல்ல சங்கீதம் மட்டும்தான் நடக்கும் என்று பதில் வந்ததாம். வயட்டே சொன்ன கதை இது!

இத்தாலிக்காரர்கள் வேறு ரகம். அங்கே முன்னணிக் குழுவின் பெயர் பிரமியாட்டா ஃபோர்னேரியா மார்கோனி. கம்பீரமாக இருக்கிறதல்லவா? பொருள், 'பரிசுபெற்ற மார்கோனி பேக்கரி'! பாங்கோ என்ற இன்னொரு குழு 1972இல் தன் முதல் ஆல்பத்தின் அட்டையை உண்டியல் வடிவத்திலேயே வெட்டிக் கொடுத்தது. இங்கிலாந்தில் விலைபோகாத வான் டர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் ஆல்பத்தை இத்தாலியில் முதலிடத்தில் உட்காரவைத்தவர்களும் இதே இத்தாலிக்காரர்கள்தான்.

'ராக் இன் அப்போசிஷன்' என்றொரு வகை. கேட்டால் கட்சி மாதிரி இருக்கும். கிட்டத்தட்டக் கட்சியேதான்! ரெக்கார்ட் கம்பெனிகள் தங்களைச் சீந்தவில்லை என்று கொதித்துப்போன ஹென்றி கவ் குழு, 1978 மார்ச் 12 அன்று லண்டனில் அந்தப் பெயரிலேயே ஒரு விழா கூட்டியது. இங்கிலாந்து, இத்தாலி, ஸ்வீடன், பெல்ஜியம், பிரான்ஸ் என்று நாட்டுக்கு ஒன்றாக ஐந்து குழுக்கள். இவை சேர்ந்த சங்கம் சீக்கிரமே கலைந்துபோனது. பெயர் மட்டும் இன்றுவரை இசைவகையாக நிற்கிறது!

புரோக் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சிம்பொனிக் வகை. யெஸ், ஜெனிசிஸ், எமர்சன் லேக் அண்ட் பாமர். ஆர்கெஸ்ட்ரா வைத்துக்கொள்ள வசதியில்லாத குழுக்களுக்குக் கைகொடுத்தது மெலோட்ரான் என்ற விசைப்பலகை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு. அதில் நிஜ வயலின்காரர்கள் வாசித்த ஒரே ஒரு ஸ்வரம். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும். சுமார் எட்டு நொடியில் டேப் தீர்ந்து சத்தம் நின்றுவிடும்! விரலை எடுத்தால் ஸ்பிரிங் டேப்பைப் பின்னுக்கு இழுக்கும். மறுபடி அழுத்த வேண்டும். அந்தப் பிரம்மாண்டமான வயலின் அலைகளுக்குப் பின்னால் இப்படி எட்டு நொடிக்கு ஒருமுறை விரல் மாற்றும் தவிப்பு!

1973இல் யெஸ் வெளியிட்ட இரட்டை ஆல்பத்தில் மொத்தமே நான்கு பாட்டு. பக்கத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 நிமிடம். இந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' நூலின் அடிக்குறிப்பு ஒன்றிலிருந்து! சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்ற நால்வகை சாஸ்திரங்களைப் பற்றிய அந்தச் சில வரிகளைப் பாடகர் ஜான் ஆண்டர்சன் படித்தார், பக்கத்துக்கு ஒன்றாக விரித்துவிட்டார். கீபோர்டு வாசித்த ரிக் வேக்மேனுக்கு இது பிடிக்கவே இல்லை. மான்செஸ்டர் கச்சேரியில், வாசிக்க ஒன்றுமில்லாத நேரத்தில் அப்பளம் சகிதம் மேடைக்கே வந்துவிட்ட இந்தியச் சாப்பாட்டைச் சாப்பிட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். பாட்டுக்கும் இந்தியா, பசிக்கும் இந்தியா! 1974இல் குழுவைவிட்டே போய்விட்டார்.

பிங்க் ஃபிளாய்டை விண்வெளி ராக்கில் சேர்ப்பார்கள். அவர்களுடைய 'மணி' பாட்டைப் போட்டுத் தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். நான்கில் நிற்காது, ஏழு வரும். மிஸ்ர சாபு பழகிய கைக்கு லட்டு! ஆனால் கிடார் தனியாவர்த்தனம் வந்ததும் கை திடீரென்று தடுமாறும். அங்கே மட்டும் நான்குக்கு மாறிவிடுவார்கள்.

1980களில் வந்த நியோ புரோக்குக்கு மரிலியன் தலைமகன். அதன் பாடகருக்கு 'மீன்' என்று பொருள்படும் 'ஃபிஷ்' என்றுதான் பட்டப்பெயர், குளிக்கப் போனால் வெளியே வரமாட்டாராம்! அவர் போனபின், 1997இல் அமெரிக்கா போகக் காசில்லை என்று குழு கைவிரித்ததும், ரசிகர்களே இணையம் வழியாக 60,000 டாலர் திரட்டிக் கச்சேரிக்கு அழைத்தார்கள்.

சத்தமே பெயரான வகை எது என்றால், ஜென்ட். தாழ்ந்த ஸ்ருதி வைத்த தடிமனான கம்பியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு மீட்டினால் 'ஜென்ட்' என்று கேட்கும். ஸ்வீடனின் மெஷுகா குழு பிடித்த வழி இது. குத்துப்பாட்டு என்று நாம் சொல்வதில்லையா? அந்த மாதிரி. நம் நாட்டிலும் புரோக் உண்டு. பெங்களூருக் குழு ஒன்று தன் இசையைக் 'கர்நாடக புரோகிரசிவ் ராக்' என்கிறது, கிருதிகளை மின்கிடாரோடு பாடுகிறது. குழுவின் பெயர் சாட்சாத் நம்முடைய 'அகம்'!

கடைசியாக, புரோக் மெட்டல் வகைக்காரர்களான டூல். 2001இல் வந்த 'லேட்டரலஸ்' பாட்டின் அசைகளை எண்ணினால் 1, 1, 2, 3, 5, 8, பிறகு இறங்குமுகமாக 5, 3. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபனாச்சி வரிசை! ஐரோப்பாவில் ஃபிபனாச்சி இதை எழுதுவதற்கு முன்பே நம் நாட்டு யாப்பிலக்கணக்காரர்கள் கண்டுவிட்டார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நான்கு மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? நான்கும் குறில் ஒன்று, இரண்டும் நெடில் ஒன்று, இரண்டு குறிலோடு ஒரு நெடிலை முன்னே, நடுவே, பின்னே வைத்தால் மூன்று. ஆக ஐந்து! ஐந்து மாத்திரைக்கு எட்டு. 12ஆம் நூற்றாண்டில் ஹேமச்சந்திரர் இதை எழுதிவைத்திருக்கிறார்.

இன்னும் கேளுங்கள். லேட்டரலஸ் பாட்டின் தாளம் 9, 8, 7 என்று மாறி மாறிப் போவதால், குழு முதலில் அதற்கு வைத்திருந்த பெயரே 9-8-7. சேர்த்து எழுதினால் 987. அதே வரிசையைக் கூட்டிக்கொண்டே போங்கள், 377, 610... பதினாறாவது எண்ணாக வந்து நிற்பது 987!